அட்டவணையைப் பாத்து அடுக்கு விதி எழுதறது: மூணு அட்டவணை, மூணுலயும் பசங்க மாட்டறாங்க

பெருந்துறை டியூஷன் (கேள்வி)

வணக்கமுங்க. பத்தாவது, பதினொண்ணாவது பசங்களுக்கு ஒரு பயிற்சித் தாள் தயார் பண்றேன். அட்டவணை குடுத்து, அதுக்கு அடுக்கு விதி எழுதச் சொல்ற கணக்கு. தட்டச்சுக்கு வசதியா தமிழ் எழுத்தே போட்டுக்கறேன்: மேல் வரிசை ந, கீழ் வரிசை ம, தொடக்க மதிப்பு அ, ஒரு படிக்கு எத்தனை மடங்கோ அது வி. ^ குறி அடுக்கைக் காட்டும். ஆக, எழுத வேண்டிய வடிவம் ம = அ × வி^ந.

முதல் அட்டவணை
ந: 0, 1, 2, 3, 4
ம: 6, 18, 54, 162, 486

ரெண்டாவது
ந: 1, 3, 5, 7
ம: 12, 48, 192, 768

மூணாவது, சாயப்பட்டறையில சோப்பிங் (சாயம் போட்ட துணிய சோப்புத் தண்ணில அலசறது) முடிஞ்ச சுடுதண்ணி ஆறுறது. ந நிமிஷம், ம டிகிரி செல்சியஸ். ரூம் 30 டிகிரி.
ந: 0, 10, 20, 30, 40
ம: 94, 78, 66, 57, 50

முதலாவதுக்குப் பாதிப் பேர் 6 × 3^(ந−1)னு எழுதறாங்க. ரெண்டாவதுக்கு 12 × 4^ந. மூணாவதுல அடுத்தடுத்து வகுத்தா 0.83, 0.85, 0.86, 0.88னு வருது, மடங்கு நிக்கவே மாட்டேங்குது. ஆனா எக்செல்ல எக்ஸ்பொனென்ஷியல் ட்ரெண்ட்லைன் (புள்ளிகளுக்குப் பொருந்தற அடுக்கு விதிக் கோடு) போட்டா ஆர்-ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துதுங்கற எண், 1னா முழுப் பொருத்தம்) 0.995 காட்டுது. அதையே விடைன்னு வெச்சுக்கலாமுங்களா? பசங்களுக்கு எந்த வரிசைல சொல்லிக் குடுத்தா குழப்பம் வராது?

---

கோபி கணக்கு

முதல் ரெண்டுலயும் தப்பு வர்ற இடம் ஒண்ணுதானுங்க. பசங்க கீழ் வரிசைய மட்டும் படிக்கறாங்க. வகுக்கறதுக்கு முன்னாடி மேல் வரிசையப் படிக்கோணும்: எங்க தொடங்குது, எத்தனை எத்தனையாத் தாவுது, தாவல் எல்லா இடத்துலயும் ஒரே அளவா. இந்த மூணையும் தாளோட ஓரத்துல எழுதின பிறகுதான் கீழ் வரிசைல கை வெக்கச் சொல்லுங்க.

முதலாவதுல 6 × 3^(ந−1) எங்கிருந்து வருதுன்னா, பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர்வரிசைப் பாடத்துல இருந்துதான். அங்க உறுப்புகளை 1ல இருந்து எண்றோம். முதல் உறுப்புக்கு அடுக்கு பூஜ்யமா இருக்கோணும்னுதான் ஒண்ணு கழிக்கறோம். இங்க மேல் வரிசையே 0ல தொடங்குது, கழிக்க ஒண்ணுமில்ல. விடை ம = 6 × 3^ந. பையன் எழுதினதுல ந = 0 போட்டா 6 × 1/3 = 2 வரும், அட்டவணையில இருக்கறது 6. ‘ஒண்ணு கழிக்கறது எதுக்கு’ன்னு தெரியாமச் சூத்திரத்த மனப்பாடம் பண்ணினவங்கதான் இதுல விழுவாங்க. அந்தக் காரணத்த ஒரு தடவ கரும்பலகைல போட்டுக் காட்டீட்டா போதும்.

ரெண்டாவது. 48/12 = 4, 192/48 = 4, 768/192 = 4. மடங்கு நிக்குது, சரி. ஆனா அந்த 4 ரெண்டு படிக்கு உண்டான மடங்கு. ஒரு படிக்கு எத்தனைன்னா, தன்னையே தன்னால பெருக்கினா 4 வர்ற எண், அதாவது 2. நாலைப் பாதியாக்கி ரெண்டு எடுக்கறதில்லீங்க, வர்க்கமூலம் எடுக்கறது. இந்த இடத்துல 4 ஒரு மோசமான எண்: பாதியும் 2, வர்க்கமூலமும் 2. தப்பான வழில போனவனுக்கும் சரியான விடை வந்துரும். தாள்ல 9 வர்ற மாதிரி மாத்தீருங்க. 9க்குப் பாதி 4.5, மூலம் 3, யாரு எப்படி யோசிச்சாங்கன்னு உடனே தெரியும்.

அடுத்து தொடக்கம். ந = 0 அட்டவணையிலயே இல்ல. ந = 1ல 12 இருக்குது, ஒரு படி பின்னால வந்தா 12/2 = 6. ஆக ம = 6 × 2^ந. கடைசிக் கட்டத்துல சரி பாருங்க: 6 × 128 = 768. பையனோட 12 × 4^ந விதியில ந = 7 போட்டா 12 × 16,384 = 1,96,608.

சரி பாக்கறத எப்பவுமே கடைசிக் கட்டத்துல பண்ணச் சொல்லுங்க. முதல் கட்டத்த வெச்சுத்தான் விதியே எழுதறாங்க, அதனால தப்பான விதிகூட அங்க பொருந்தும். 12 × 4^(ந−1)னு ஒருத்தன் எழுதினா முதல் கட்டத்துல 12 சரியா வரும். ந = 3ல 192 வரும், இருக்கோணுங்கறது 48.

திருத்தும்போது ஒண்ணு கவனிங்க. 12 × 4^((ந−1)/2)னு எழுதினாலும் சரி, 3 × 2^(ந+1)னு எழுதினாலும் சரி, ரெண்டும் 6 × 2^ந தான். விடைத்தாள்ல இருக்கற வடிவம் இல்லைன்னு மதிப்பெண் குறைச்சா நல்லா யோசிக்கற பையன்தான் நஷ்டப்படுவான்.

தாவல் ஒரே அளவா இல்லாத அட்டவணை ஒண்ணும் சேத்துக்கோங்க. பால்ல நுண்ணுயிரி பெருகறதுன்னு கணக்குக்கு வெச்சுக்கலாம், ந மணி நேரம்:

ந: 0, 2, 5, 6
ம: 5,000, 20,000, 1,60,000, 3,20,000

வகுத்தா 4, 8, 2. ‘மடங்கு மாறுது, அடுக்கு விதி இல்ல’ன்னு எழுதீருவாங்க. தாவல் 2, 3, 1. நாலுக்கு வர்க்கமூலம் 2, எட்டுக்குக் கனமூலம் 2, கடைசி 2. ஒரு மணிக்கு ரெண்டு மடங்கு, ம = 5,000 × 2^ந. பொதுவாச் சொன்னா: பின் மதிப்ப முன் மதிப்பால வகுத்து, எத்தனை படித் தாவலோ அத்தனையாவது மூலம் எடுக்கோணும். தாவல் அரைப் படியா இருந்தா தலைகீழ்: 0.5க்கு 3 மடங்குன்னா ஒரு படிக்கு 9.

---

திருப்பூர் டையிங் லேப்

மூணாவதுக்கு நான் சொல்றனுங்க. ட்ரெண்ட்லைன் விடைய எடுத்துக்காதீங்க. ஆர்-ஸ்கொயர் 0.995 இருந்தாலும் அந்த விதி தப்பு.

எக்செல் குடுக்கற விதி ஏறக்குறைய ம = 92.2 × 0.854^(ந/10). அதுல ந = 100 போட்டுப் பாருங்க. சுமார் 19 டிகிரி வரும். ரூம் 30 டிகிரி. சும்மா வெச்ச சுடுதண்ணி ரூமை விட 11 டிகிரி கீழ போகுமுங்களா? இன்னும் நேரம் போனா பூஜ்யத்த நோக்கிப் போய்ட்டே இருக்கும். அடுக்கு விதி ம = அ × வி^ந, வி ஒண்ணுக்குக் கீழ இருந்தா, எப்பவும் பூஜ்யத்துலதான் போய் அடங்கும். நம்ம தண்ணி அடங்கறது 30ல. அதனால மடங்குல குறையறது வெப்பநிலை இல்லீங்க, ரூமை விட எத்தனை டிகிரி அதிகமோ அந்த மிச்சம்.

ஒவ்வொண்ணுலயும் 30 கழிச்சு எழுதுங்க:

ந: 0, 10, 20, 30, 40
மிச்சம்: 64, 48, 36, 27, 20

48/64 = 0.75, 36/48 = 0.75, 27/36 = 0.75, 20/27 = 0.74. கடைசில மட்டும் இம்மி தள்ளி வருது. கணக்குப்படி அங்க 20.25 இருக்கோணும், தெர்மாமீட்டரை முழு டிகிரில படிச்சதால 20 ஆயிருச்சு. விதி: ம = 30 + 64 × 0.75^(ந/10). அடுக்குல 10ஆல வகுக்கறது எதுக்குன்னா, 0.75ங்கறது பத்து நிமிஷத்துக்கு உண்டான மடங்கு. மேல கோபிக்காரர் சொன்ன அதே விஷயம். நூறாவது நிமிஷத்துக்கு இந்த விதி 33.6 டிகிரி சொல்லுது.

40 டிகிரிக்கு எப்ப வரும்னு கேட்டா: மிச்சம் 10 ஆகோணும், 10/64 = 0.15625. ரெண்டு பக்கமும் மடக்கை எடுத்தா லாக் 0.15625 / லாக் 0.75 = 6.45 படி, அதாவது 64, 65 நிமிஷம். மடக்கை தெரியாத பத்தாவது பசங்களுக்கு, மிச்சம் பாதியாக 24 நிமிஷம் ஆகும்னு குடுத்துட்டா வாய்க்கணக்காவே போடலாம்: 64, 32, 16, 8. தண்ணி 94, 62, 46, 38.

ஆர்-ஸ்கொயர் ஏன் ஏமாத்துதுன்னும் பதினொண்ணாவது பசங்களுக்குக் காட்டுங்க. சீரா இறங்கிட்டே போற அஞ்சு புள்ளிக்குப் பெரும்பாலும் அந்த எண் பெருசாத்தான் வரும். அதைப் பாக்கறதுக்குப் பதிலா, உண்மை மதிப்புல இருந்து கோட்டு மதிப்பக் கழிச்சு, அடையாளத்த மட்டும் வரிசையா எழுதுங்க. இங்க கூட்டல், கழித்தல், கழித்தல், கழித்தல், கூட்டல்னு வரும். ரெண்டு ஓரமும் கோட்டுக்கு மேல, நடுவு பூராவும் கீழ. அளவெடுக்கறதுல வந்த பிசகா இருந்தா அடையாளம் இங்கயும் அங்கயும் கலைஞ்சு கிடக்கும். இப்படி வளைஞ்சு நின்னா வடிவமே தப்புன்னு அர்த்தம்.

---

பெருந்துறை டியூஷன்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ட்ரெண்ட்லைன் 19 டிகிரிக்குப் போறத நான் போட்டே பாக்கல. ஒண்ணு மட்டும்: ரூம் டிகிரியத் தாள்ல குடுக்காம விட்டா, அட்டவணைல இருந்தே 30ஐக் கண்டுபிடிக்க முடியுமுங்களா?

---

திருப்பூர் டையிங் லேப்

முடியுமுங்க. ரெண்டு வழி.

முதல்ல, இப்படி ஒரு நிலையான எண் ஒளிஞ்சிருக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? வகுக்காமக் கழிச்சுப் பாருங்க. அடுத்தடுத்த வித்தியாசம் 16, 12, 9, 7. இந்த வித்தியாசங்களை வகுத்தா 0.75, 0.75, 0.78. மதிப்புகளோட மடங்கு நிக்கல, வித்தியாசங்களோட மடங்கு நிக்குதுன்னா, அடுக்கு விதியோட ஒரு எண் கூட்டியிருக்குது. கழிக்கும்போது அந்த எண் அடிபட்டுப் போறதாலதான் வித்தியாசத்துல மடங்கு தெளிவாத் தெரியுது.

அந்த எண்ணக் கண்டுபிடிக்க, சம தாவல்ல மூணு மதிப்பு எடுத்துக்கோங்க. முதலையும் மூணாவதையும் பெருக்கி, நடுவதோட வர்க்கத்தக் கழிங்க. அதை, முதலையும் மூணாவதையும் கூட்டி நடுவதை ரெண்டு தடவ கழிச்ச எண்ணால வகுங்க. 94, 78, 66 எடுத்தா:

94 × 66 − 78 × 78 = 6,204 − 6,084 = 120
94 + 66 − 156 = 4
120 / 4 = 30

இது எங்கிருந்து வருதுன்னா, ஒளிஞ்ச எண்ணக் கழிச்ச பிறகு மூணும் பெருக்குத் தொடர்வரிசை, அதுல நடுவதோட வர்க்கம் ஓரம் ரெண்டோட பெருக்குத் தொகைக்குச் சமம். அதை விரிச்சு எழுதினா இதுதான் மிஞ்சும்.

ஆனா எந்த மூணு மதிப்புங்கறதுல கவனம் வேணும். கடைசி மூணு, 66, 57, 50 எடுத்துப் பாருங்க: 3,300 − 3,249 = 51, கீழ 116 − 114 = 2, விடை 25.5. கால் டிகிரி தப்பாப் படிச்சதுக்கு நாலரை டிகிரி பிசகு. கீழ இருக்கற 2 ரொம்பச் சின்ன எண், அதனால சின்னப் பிசகும் பெருசாகுது. அதே 50ஐ வெச்சே அகலமா 94, 66, 50னு எடுத்தா 344 / 12 = 28.7. முழுசா அளந்த பதிவா இருந்தா முதல், நடு, கடைசின்னு எடுக்கறதுதான் நல்லது. பசங்களுக்குக் குடுக்கறப்ப கடைசிய 50.25னே குடுத்துருங்க, எந்த மூணு எடுத்தாலும் 30 வரும்.

இன்னொண்ணு. பசங்களையே அளக்கச் சொல்றதா இருந்தா மூடி போட்ட பாத்திரத்துல அளக்கச் சொல்லுங்க. திறந்த பாத்திரத்துல சூடா இருக்கறப்ப ஆவியாவும் சூடு போகும், அதனால முதல் ஒண்ணு ரெண்டு இடைவெளில இன்னும் வேகமா இறங்கும், மடங்கு நிக்காது. நடுவுல கலக்கினாலோ ஃபேன் போட்டாலோ மடங்கு அங்கயே மாறீரும். மேல இருக்கற அட்டவணை கணக்குக்காகச் சுத்தமா எழுதின மாதிரி இருக்குது. பட்டறைத் தொட்டில அளந்தா இத்தனை அழகா வராது.

---

சோமனூர் தறி

குறையற கணக்குல இன்னொரு தப்பையும் சேத்துக்கோங்க. மெஷின் தேய்மானம். வருமான வரிக் கணக்குல பொதுவான இயந்திரங்களுக்கு வருஷம் 15 சதவீதம், மீதி இருக்கற மதிப்பு மேல. ரெண்டு லட்ச ரூபா மெஷின்:

ந: 0, 1, 2, 3
ம: 2,00,000, 1,70,000, 1,44,500, 1,22,825

பசங்க 2,00,000 × 0.15^ந எழுதுவாங்க. அது முதல் வருஷமே 30,000க்கு இறக்கீரும். போனது 15 சதவீதம், நின்னது 85. அடுக்கு ஏறோணுங்கறது நின்னதுக்கு. 2,00,000 × 0.85^ந. ஏறுற கணக்கும் இதே மாதிரித்தான், 8 சதவீத வட்டின்னா 1.08, வெறும் 0.08 இல்ல. இதுல ஒளிஞ்ச எண் ஏதுமில்ல, பூஜ்யத்த நோக்கித்தான் போகுது, ஆனா ஒருநாளும் பூஜ்யம் ஆகாது.

உண்மையான கணக்கு நோட்டுல ஒரு சிக்கல் வரும், அது நல்ல கேள்வியாகும். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா ஓட்டியிருந்தா அந்த ஒரு வருஷத்துக்குப் பாதித் தேய்மானம்தான், 7.5 சதவீதம். அப்ப:

ந: 0, 1, 2, 3
ம: 2,00,000, 1,85,000, 1,57,250, 1,33,662.50

வகுத்தா 0.925, 0.85, 0.85. முதல் தாவல் மட்டும் வேற. இங்க 2,00,000த்தத் தொடக்கமா எடுக்கவே கூடாது. விதி 1,85,000 × 0.85^(ந−1), ந ஒண்ணுல இருந்து மட்டும். கோபிக்காரர் சொன்ன ‘ஒண்ணு கழிக்கறது’ இங்க உண்மையாவே தேவைப்படுது பாருங்க. எல்லா மடங்கையும் எழுதிப் பாக்காம முதல் ஒண்ண மட்டும் வகுத்துட்டு விதி எழுதினவன் 2,00,000 × 0.925^ந போடுவான், மூணாவது வருஷம் 1,58,000 ரூபாய்க்கு மேல வரும். நோட்டுல இருக்கறதை விட 24,000க்கு மேல அதிகம்.

---

பொள்ளாச்சி பதினொண்ணு

எல்லாரும் மடங்கு நிக்குதான்னு பாக்கறீங்க. நின்னாலும் அவசரப்படக் கூடாதுங்கறதுக்கு ஒரு அட்டவணை. வட்டத்தோட கோட்டு மேலயே புள்ளி வெச்சு, எல்லாப் புள்ளியையும் ஒண்ணுக்கொண்ணு நேர்கோட்டுல சேத்தா வட்டம் அதிகபட்சமா எத்தனை துண்டாகும்?

புள்ளி: 1, 2, 3, 4, 5
துண்டு: 1, 2, 4, 8, 16

நாலு மடங்கும் சரியா 2. ஆறாவது புள்ளிக்கு 32னு எழுதுவாங்க. எண்ணிப் பாத்தா 31. இது அடுக்கு விதியே இல்ல, நாலாம்படிக் கோவை. அஞ்சு புள்ளி வரைக்கும் ரெண்டின் அடுக்கு மாதிரித் தெரியுது, அவ்வளவுதான். அதனால கேள்வில ‘ஒவ்வொரு படியிலும் ஒரே மடங்காக மாறுகிறது’ன்னு ஒரு வரி இருக்கோணும், இல்லைன்னா மாறுறதுக்குக் காரணம் இருக்கோணும்: செல் ரெண்டாப் பிரியுது, மீதி மேல சதவீதம் போகுதுங்கற மாதிரி. வெறும் நாலு எண்ணக் குடுத்து ‘விதி எழுது’ன்னா அந்தக் கேள்வியே முழுசா இல்ல.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு: 2, 6, 12, 20, 30. வேகமா ஏறுதுன்னு அடுக்கு விதின்னு எழுதுவாங்க. மடங்கு 3, 2, 1.67, 1.5, ஒண்ணை நோக்கி இறங்கிட்டே போகுது. வித்தியாசம் 4, 6, 8, 10, அதோட வித்தியாசம் எல்லாம் 2. இருபடி. ந 0ல தொடங்கினா (ந+1) × (ந+2).

5, −10, 20, −40 மாதிரி அடையாளம் மாறி மாறி வர்றதும் தாள்ல வேண்டாங்க. அது பெருக்குத் தொடர்வரிசை, சரிதான். ஆனா வி = −2 வெச்சு அரைப் படிக்கு மதிப்புக் கேட்டா மெய்யெண் கிடைக்காது, அடுக்குக்குறிச் சார்புன்னு சொல்ல முடியாது.

---

கோபி கணக்கு

பொள்ளாச்சிக்காரர் சொன்னது முக்கியமுங்க. அதையும் சேத்து, தாள்ல கேள்வி வரிசைய இப்படி வெக்கலாம்: 0ல தொடங்கறது, 1ல தொடங்கறது, ரெண்டு ரெண்டாத் தாவறது (9 மடங்கு), தாவல் மாறுறது, 0.85, அப்புறம் 2, 6, 12, 20, 30. தண்ணிக் கணக்கு கடைசி, பதினொண்ணாவதுக்கு மட்டும்.

மடக்கை நடத்தியாச்சுன்னா அதே முதல் அட்டவணையத் திரும்ப எடுங்க. 6, 18, 54, 162, 486க்கு லாக் புக்குல பாத்தா 0.778, 1.255, 1.732, 2.210, 2.687. வித்தியாசம் எல்லாம் 0.477, இல்லைன்னா கடைசி இலக்கத்துல ஒண்ணு கூட. லாக் 3 = 0.477. பெருக்கல்ல போன அட்டவணை கூட்டல்ல போக ஆரம்பிச்சிரும், கிராஃப் தாள்ல போட்டா நேர்கோடு, சாய்வு லாக் 3, வெட்டுத்துண்டு லாக் 6. தண்ணிக் கணக்குக்கு 30 கழிக்காம லாக் எடுத்துக் கோடு போடச் சொல்லுங்க, அப்புறம் கழிச்சுட்டு இன்னொண்ணு. முதல் கோடு வளையறது கண்ணுக்கு லேசாத்தான் தெரியும், அதனால ஸ்கேல் வெச்சு முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேக்கச் சொல்லோணும். நடுப் புள்ளி மூணும் ஸ்கேலுக்குக் கீழ தொங்கும்.

---

பெருந்துறை டியூஷன்

சரிங்க. ரெண்டாவது அட்டவணைய 1, 3, 5, 7க்கு 15, 135, 1,215, 10,935ன்னு மாத்தீட்டேன், விதி 5 × 3^ந. தண்ணிக் கணக்குல கடைசி 50.25. தேய்மானத்துல 180 நாள் கேள்விய நட்சத்திரக் குறி போட்டுச் சேத்துட்டேன்.